ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மருந்துக் கடைக் கவுன்டரில் புதிதாக நிற்கத் தொடங்கியிருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவள் பேச ஆரம்பித்தால் எப்போது நிறுத்துவாளோ என்ற கவலை சில முகங்களில் தெரிகிறது. கவலை வேண்டாம். ஒரே ஒரு பௌர்ணமி நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை நினைத்தாலே எனக்கு உட்காரத் தோன்றாது. அதனால்தான் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு நின்றுகொண்டு பேசுகிறேன்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. பௌர்ணமி என்றால் மலை சுற்ற வரும் கூட்டத்தில் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கால் வலிக்குத் தைலம், கொப்புளத்துக்கு பிளாஸ்திரி, தலைவலி மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நம் கை தானாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நம் தொழிலில் ரொம்ப ஆபத்தான நேரம் அதுதான். கை வேலை செய்யும்போது தலை ஓய்வெடுத்துக்கொள்ளும்.

அன்று பிற்பகல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், வெள்ளை வேட்டியும் கட்டம் போட்ட சட்டையுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயம் பார்ப்பவர். ஏழுமலை என்ற பெயர் பிறகுதான் எனக்குத் தெரியும்.

“வாய்ப்புண்ணுக்குத் தடவுறாப்ல எதனா குடுங்கம்மா. அப்படியே ஜுரத்துக்கும் மேல்வலிக்கும் நல்ல பவர் மாத்திரையா ஒண்ணு.”

என் கை வலி மாத்திரைத் தட்டுக்குப் போய்விட்டது. அவர் பின்னால் நாலு பேர் காசை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வாய்ப்புண் சாதாரணம், ஜுரமும் சாதாரணம். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே ஆளுக்கு வந்தால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

“யாருக்குங்க?”

“வூட்ல சம்சாரத்துக்கு. சோறு எறங்கல. தண்ணி குடிச்சாலே எரியுதுங்குது.”

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?”

“மூட்டுக்கு சாப்புடுதும்மா. முடக்குவாதம்னாங்க. இன்னிக்கி ராத்திரி இங்கயே தங்குறதால கையோட எடுத்தாந்துட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். அதில் கத்தரித்த இரண்டு அட்டைத் துண்டுகள் இருந்தன. இரண்டிலும் குட்டிக் குட்டியாக மஞ்சள் மாத்திரைகள். பெயர் அச்சடித்த பக்கம் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மிச்சமிருந்த எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்று மெத்தோட்ரெக்சேட். இன்னொன்று ஃபோலிக் ஆசிட்.

பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனாலும் நேராகச் சொல்லிவிடுகிறேன். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் அருமையான மருந்து. எழுந்து நிற்க முடியாதவர்களை நடக்க வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த நோய்க்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் அதுவே விஷமாகிவிடும். எலும்புக்குள் ரத்த அணுக்கள் உற்பத்தியாவதை நிறுத்திவிடும். வாயும் குடலும் வெந்து போகும். அதன் பக்கவிளைவைக் குறைக்கத்தான் மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட் கொடுக்கிறார்கள்.

குரலை மாற்றாமல் கேட்டேன். “இதுல எது எப்ப குடுக்கிறீங்கண்ணா?”

கொஞ்சமும் யோசிக்காமல் விரலை வைத்தார். “இந்த செவப்பு அட்டை தெனமும் காலையில. இந்த வெள்ளி அட்டை ஞாயித்துக்கிழமை மட்டும். நானே எடுத்துக் குடுப்பேன். டீ குடிச்ச கையோட குடுத்துடுவேன். ஒரு நாள் கூட வுட்டது கெடயாது.”

சிவப்பு அட்டைதான் மெத்தோட்ரெக்சேட்.

இரண்டு அட்டைகளையும் என் பக்கம் நகர்த்திக்கொண்டேன். “இந்த அட்டை எப்ப வாங்கினது?”

“போன அமாவாசைக்கு முந்தி. வழக்கமா வாங்குற ஆஸ்பத்திரிக்குப் போவ முடியல. வேற ஒரு கடையில குடுத்தாங்க. அட்டை கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு. மாத்திரை அதே மஞ்சள்தானேன்னு வாங்கிக்கினேன்.”

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பழைய கம்பெனியில் வாரமருந்து வெள்ளி அட்டையில் வந்திருக்கிறது, தினமருந்து சிவப்பில். புதிய கம்பெனியில் அது அப்படியே தலைகீழ். கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனிதர் தினமும் தமிழ்ப் பேப்பர் படிப்பவர். மாத்திரை அட்டையில் தமிழ் எங்கே இருக்கிறது? நிறத்தைத்தான் நம்பியிருக்கிறார்.

“இப்ப அவங்க எங்க?”

“மலை சுத்திக்கினு இருக்குது. ஊர்ப் பொம்பளைங்களோட மத்தியானமே கிளம்பிடுச்சு. அடி அண்ணாமலைக் கோயிலாண்ட வந்து சேந்துக்கோன்னு சொல்லிச்சு.”

நினைத்துப் பாருங்கள். உடம்பில் அந்த மருந்து ஏறிக் கிடக்கிறது. சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். அந்தப் பெண் வாய் எரிச்சலில் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நடந்துகொண்டிருக்கிறாள். நான் எடுக்கப் போன வலி மாத்திரையோ சிறுநீரகத்தை இன்னும் முடக்கக்கூடியது. அந்தத் தட்டின் பக்கமே திரும்பவில்லை.

இப்போது அவரிடம் என்ன சொல்வது? உள்ளதைச் சொன்னால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அவரை விட்டால் அத்தனை பெரிய கூட்டத்தில் அவளை அடையாளம் காட்ட எனக்கு ஆள் இல்லை. அதனால் அந்த நேரத்துக்குத் தேவையானதை மட்டும் சொன்னேன்.

“அண்ணா, இந்தப் புண்ணும் ஜுரமும் மாத்திரையால வந்தது மாதிரி தெரியுது. உடனே ஆஸ்பத்திரியில காட்டணும்.”

“சுத்து முடிச்சிட்டு நாளைக்குக் காட்றனே.”

“நாளைக்கு இல்ல. இப்பவே. போன் போடுங்க.”

போட்டார். பௌர்ணமியன்று நம் ஊரில் போன் எங்கே கிடைக்கிறது? தொடர்பு எல்லைக்கு வெளியே என்று திரும்பத் திரும்பச் சொன்னது. முதலாளியைப் பார்த்தேன். வியாபாரம் கொட்டுகிற நாள் அது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “உயிர் விஷயமா?” ஆமாம் என்றேன். “அப்ப எதுக்கு நின்னுகிட்டு இருக்கீங்க?” என்றார். என்னோடு வேலை பார்த்த இன்னொரு பார்மசிஸ்ட் பெண் தன் ஸ்கூட்டிச் சாவியைக் கையில் திணித்தாள். இரண்டு அட்டைகளையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழுமலை பின்னால் ஏறினார். நான் ஓட்டினேன். வழியில்தான் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மனைவி பெயர் பச்சையம்மா.

மலை சுற்றுகிறவர்கள் போகும் திசையில் நான் போகவில்லை. அவர்கள் முடித்துக்கொண்டு வரும் காஞ்சி சாலைப் பக்கமாகப் போனேன். காரணம் இருக்கிறது. கூட்டத்தோடு போனால் எல்லோருடைய முதுகும்தான் தெரியும். எதிரே போனால் முகம் தெரியும். பச்சையம்மா அடி அண்ணாமலையைத் தாண்டி வந்திருந்தாலும் நம் கண்ணில் படாமல் போக மாட்டாள்.

தடுப்புக் கட்டையில் போலீஸ்காரர் மறித்தார். “வண்டி போவாதும்மா.” வண்டியை அங்கேயே ஓரம் கட்டிவிட்டு நடந்தோம். நடை என்றா சொன்னேன்? பாதி தூரம் ஓட்டம்தான். எதிரே கூட்டம் ஆறு மாதிரி வந்துகொண்டே இருந்தது. ஏழுமலை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடி அண்ணாமலைக் கோயிலுக்குப் பக்கத்தில் போலீஸ் உதவி மையம் இருந்தது. அங்கிருந்த பெண் போலீஸிடம் விஷயத்தை இரண்டே வரியில் சொன்னேன். உடனே மைக்கைப் பிடித்தார். “கீழ்பென்னாத்தூர் பச்சையம்மா எங்கிருந்தாலும் உதவி மையத்துக்கு வரவும்.” கொஞ்ச நேரத்தில் ஒரு பச்சையம்மா வந்தார், கைத்தடியோடு. அடுத்து இன்னொரு பச்சையம்மா, இடுப்பில் குழந்தையோடு. இரண்டு பேருமே கீழ்பென்னாத்தூர் பக்கம்தான். “நம்ம ஜில்லாவுல இந்தப் பேரைச் சொல்லிக் கூப்ட்டா பாதிப் பேர் திரும்பிப் பாப்பாங்க மேடம்,” என்றார் பெண் போலீஸ். என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் ஏழுமலையின் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடன் பச்சையம்மா இல்லை.

“அது பின்னாலயே உக்காந்துடுச்சுண்ணா. நீங்க போங்கடி, நான் மெதுவா வரேன்னு சொல்லிடுச்சு. எந்த எடம்னு தெரியல.”

பின்னால் என்றால் எவ்வளவு தூரம்? எந்தப் பக்கம்? மரத்தடிக்கு மரத்தடி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது நின்று யோசித்தேன். நெருக்கடியில் நிற்பது கடினம். ஆனால் நின்றுதான் ஆக வேண்டும். நோயாளியைத் தெரியாவிட்டாலும் நோய் எனக்குத் தெரியும். வாயெல்லாம் புண்ணான ஒருத்தி எங்கே போவாள்? அன்னதானப் பந்தலில் சாம்பார் சாதமும் புளி சாதமும்தான். நீர்மோரில் பச்சை மிளகாய் இருக்கும். எதையும் அவளால் வாயில் வைக்க முடியாது.

“அண்ணா, அவங்களால எதைத்தான் வாயில வைக்க முடியுது?”

“ஐஸு மட்டும்தாம்மா. நேத்து தெருவுல வந்த வண்டிக்காரன்ட்ட பால் ஐஸ் வாங்கித் தின்னுச்சு. இன்னாடி சின்னப்புள்ள மாதிரின்னு சிரிச்சேன்.”

“அப்ப ஐஸ் வண்டி நிக்கிற எடமா பாத்துக்கிட்டே வாங்க.”

ஊர்ப் பெண்களும் எங்களோடு திரும்பி வந்தார்கள். முதல் வண்டியில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கும் அப்பால், ஒரு புளியமரத்தடியில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் ஏழுமலை சட்டென்று நின்றார். “அதோ.”

மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் தலையை மூடியிருந்தாள். கையில் பால் ஐஸ் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது பார்த்தேன், அந்த வெள்ளை ஐஸில் இளஞ்சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. ஈறிலிருந்து கசிந்த ரத்தம். முழங்கைக்குக் கீழே ஊசி குத்தியதுபோல் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. உடம்பு கொதித்தது. உள்ளே ரத்த அணுக்கள் எந்த அளவுக்குக் குறைந்திருக்கும் என்று அந்தப் பொட்டுகளே சொல்லிவிட்டன.

“யாருய்யா இவங்க?” என்று புருஷனைக் கேட்டாள். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது.

“மருந்துக் கடை அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம்.”

“நான் வரல. போன வருசம் எழுந்து நிக்கக்கூட முடியல என்னால. நடக்க வச்சா சுத்தி வரேன்னு வேண்டிக்கினேன். பாதியில வுட மாட்டேன்.”

கெஞ்சினேன். ஏழுமலை அதட்டினார். பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் அசையவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. எல்லோரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டேன்.

“அக்கா, வேண்டுதல் மட்டுமா, வேற ஏதாவது பயமா?”

அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. “ஆஸ்பத்திரிக்கு வந்தா அந்த மாத்திரைய நிறுத்திடுவாங்க இல்ல? நிறுத்துனா மறுபடியும் மொடங்கிப் போயிடுவேன். வாய்ப்புண்ணு போவட்டும். கை காலு வேணும் எனக்கு.”

அவ்வளவுதான் விஷயம். அவளுக்கே மாத்திரைமேல் சந்தேகம் இருந்திருக்கிறது. ஆனால் அது பறிபோய்விடுமோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி மறைப்பது ஏமாற்றுவதற்காக இல்லை. பல நேரம் மருந்தை இழந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

“மருந்து நல்ல மருந்துதான் அக்கா. நாள்தான் மாறிப்போச்சு. ஞாயித்துக்கிழமை சாப்பிட வேண்டியது தினமும் உள்ள போயிடுச்சு. இப்ப அதை முறிக்கிற ஊசி இருக்கு. போட்டுக்கிட்டா பொழைச்சுக்கலாம். மூட்டுக்கு வேற வழியும் இருக்கு, டாக்டர் பாத்துக்குவாங்க. நேரம் தாழ்த்தினா எதுவுமே என்னால உறுதி சொல்ல முடியாது.”

பொய் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. அவள் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். “தூக்கி வுடுங்க,” என்றாள்.

திரும்பினால் ஏழுமலை தரையில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

“நானே குடுத்தேனா? தெனம் தெனம் என் கையால நானே குடுத்தேனா?”

அவர் தோளைத் தொட்டேன். “அண்ணா, அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன். இன்னொரு பக்கம் நீங்கதான் பிடிக்கணும்.” எழுந்துவிட்டார். குற்றவுணர்ச்சியில் உடைந்தவருக்கு ஆறுதல் வார்த்தையைவிடச் செய்வதற்கு ஒரு வேலை கொடுப்பது உதவும். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இது.

ஊர்ப் பெண்களில் ஒருத்தி ஓடிப்போய்ச் சொல்ல, பெண் போலீஸ் ஆம்புலன்ஸை எங்களை நோக்கி நகர்த்த ஏற்பாடு செய்தார். அந்தக் கூட்டம் வழிவிட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கற்பூரத் தட்டு வைத்திருந்தவரும் பிள்ளையைத் தோளில் சுமந்தவரும் ஒதுங்கி ஒதுங்கி, எங்களுக்கு முன்னால் பாதை தானாகத் திறந்துகொண்டே போனது. ஆம்புலன்ஸுக்குள் பச்சையம்மாவின் தலை என் மடியில். வாய்க்குள் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அன்று மயங்கி விழுந்தவர்களும் கால் பிசகியவர்களுமாகக் கூட்டம். யார் பார்த்தாலும் இவளையும் வெயிலில் சோர்ந்தவள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். வரிசையில் விட்டிருந்தால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி உட்கார வைத்திருப்பார்கள். பணியில் இருந்த டாக்டர் இளம்பெண். நான் கதை சொல்லவில்லை. அட்டையை அவர் கையில் வைத்தேன்.

“டாக்டர், மெத்தோட்ரெக்சேட். வாரமருந்து தவறிப்போய்த் தினமும் போயிருக்கு, அமாவாசைக்கு முன்னாலிருந்து. வாய்ப்புண், ஜுரம், ஈறில் ரத்தம். கையில் சிவப்புப் பொட்டு.”

அவர் பேனாவை அப்படியே கீழே வைத்தார். “வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?”

“கேட்டாங்க. கொடுக்கல.”

“நல்லது.” அதற்கு மேல் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். தனி அறை கேட்டார். முறிக்கும் ஊசி கைவசம் இருக்கிறதா என்று அவரே மருந்துக் கிடங்குக்குப் போன் போட்டார். இருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்காக அவர் காத்திருக்கவில்லை. ஊசியை முதலில் போட்டார். முடிவு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார். வெள்ளணுக்கள் தரைமட்டமாக இருந்தன. “வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தா, நாளைக்கு நம்மகிட்ட வந்திருக்க மாட்டாங்க,” என்றார்.

அதற்குப் பிறகான நாட்கள் லேசானவை அல்ல. ஜுரம் இறங்கவே இல்லை. ரத்தம் ஏற்றினார்கள். நான் தினமும் கடைக்குப் போகும் முன் எட்டிப் பார்ப்பேன். ஏழுமலை வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். “இன்னிக்கி எப்படி?” என்றால் “அப்படியேதான் இருக்குதும்மா,” என்பார். ஒரு காலையில் நான் படியேறும்போதே எதிரே வந்தார். “இட்லி கேட்டுச்சும்மா,” என்றார். “காரச் சட்னி வேணுமாம்.” அப்படி ஒரு சந்தோஷத்தை எனக்கு வேறு எந்தச் செய்தியும் தந்ததில்லை. படிக்கட்டிலேயே இரண்டு பேரும் சிரித்தோம். வராந்தாவில் இருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

இந்தத் தப்பு யாருடையது என்று நீங்கள் கேட்பீர்கள். கம்பெனி மாற்றியதைச் சொல்லாதவரா, பெயர் போகும்படி அட்டையை வெட்டியவரா, ஒரே மாதிரி மஞ்சளில் இரண்டு மாத்திரை செய்தவர்களா? பதில் தேடி நான் அலையவில்லை. எங்கள் கடையில் என்ன மாற்றலாம் என்று பார்த்தேன். அன்றிலிருந்து வாரமருந்தைத் தனிக் கவரில் போட்டோம். கிழமையைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதினோம். கம்பெனி மாறினால் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். மிக முக்கியமாக, “புரிஞ்சுதா?” என்று கேட்பதை நிறுத்தினோம். அப்படிக் கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். “வீட்டுக்குப் போய் எப்படிக் குடுப்பீங்க, சொல்லுங்க” என்று கேளுங்கள். கூட்டம் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் இரண்டு பேரும் நேராக எங்கள் கடைக்கு வந்தார்கள். பச்சையம்மா இளைத்திருந்தாள். ஆனால் சொந்தக் காலில் நடந்து வந்தாள். மூட்டுக்கு டாக்டர் வேறு மருந்து எழுதியிருந்தார், தினமும் ஒன்று. எடுத்துக் கவரில் போட்டு, எழுதி, ஏழுமலையிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அதுங்கிட்டயே குடுத்துடுங்கம்மா. இனிமேல்பட்டு நான் தொட மாட்டேன்.”

கவரை அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கி, அதை அவர் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

“இன்னிக்கி மாத்திரை இன்னும் போடல,” என்றாள். “எடுத்துக் குடு.”

“வேணாம் பச்சை.”

“குடுன்றேன் இல்ல.”

கடையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் கவரை எடுத்தார். எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டுவதுபோல் உரக்கப் படித்தார். “தினமும் ஒன்று. காலை. சாப்பாட்டுக்குப் பிறகு.” என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தேன். மறுபடியும் ஒரு தடவை படித்தார். பிறகு அட்டையைப் பிதுக்கி மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொள்ளப் பார்த்தார். வாதத்தில் கோணிப்போன தன் விரல்களால் அந்தக் கையை இறுகப் பிடித்து நிறுத்திக்கொண்டு, பச்சையம்மா மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.